சின்ன அறையின் சூடு

"பொம்பிளைப் பிள்ளையை இவ்வளவு தூரம் படிப்பிச்சு என்ன செய்யப்போறியள் அண்ணை? ஹீற்றர் கணக்கு வாசிக்கவோ?"

ஜெர்மனியில், வுப்பர்டாலில் தமிழ்க்கடை வைத்திருந்தவர் என் அப்பாவிடம் இப்படிக் கேட்டார். பிள்ளைகள் நாங்கள் அவரைக் கடை மாமா என்போம். நான்காம் வகுப்பு முடிந்ததும் என்னை ரியல்சூல என்ற நடுத்தரப் பள்ளிக்கு அனுப்பலாம் என்று ஆசிரியை எழுதித் தந்த வாரம் அது. அந்தச் செய்தியை அப்பா பெருமையாகச் சொல்லத்தான் கடைக்குப் போயிருந்தார். அரிசி மூட்டைகளுக்கு நடுவே நின்ற ஆட்கள் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கறிவேப்பிலைப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் வயதுக்காரர்களே, அந்தச் சரிவுத் தெருக்களில் என்னோடு ஏறி இறங்கியவர்களே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டிலும் ஒரு சின்ன அறை இருந்திருக்கும். அதில் யாரோ ஒருவர் ஒரு பெட்டியோடு வந்து தங்கியிருப்பார். ஒருநாள் அவர் போயிருப்பார். ஏன் போனார் என்று கேட்டால் பெரியவர்கள் கதையை மாற்றியிருப்பார்கள். எங்கள் வீட்டில் மாற்றவில்லை. யாரைக் கண்டாலும் அந்தக் கதையைச் சொன்னார்கள். அதுதான் பிரச்சினை.

என் அப்பா ஐந்தாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவர். அம்மா தன் பெயரை எழுதுவார், அதற்கு மேல் எழுதமாட்டார். பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். இன்று ஒரு வீட்டு நிர்வாக அலுவலகத்தில் அவுஸ்பில்டுங் செய்கிறேன். சம்பளத்தோடு தொழில் பழகுகிறேன் என்று அம்மா எல்லோருக்கும் விளக்குவார். அங்கே நான் முதலில் பழகியது ஹீற்றர் கணக்கு வாசிக்கத்தான். கடை மாமா சொன்னது அப்படியே பலித்தது. எனக்கு அதில் வெட்கம் இல்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் மூன்றாம் மாடியில் இருந்தோம். கீழே தொங்கு ரயில் ஆற்றுக்கு மேலாகப் போகும் சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். யன்னல்கள் உயரமானவை, பழையவை. சட்டத்தின் இடுக்கால் வரும் காற்றுக்கு அம்மா பழைய நைலோன் காலுறைகளைத் திணித்து வைப்பார். சுவர்க் கடதாசியில் மஞ்சள் பூக்கள் இருந்தன. மூலைகளில் அந்தப் பூக்கள் கறுத்திருந்தன.

இந்த நாட்டில் வீட்டு வாடகைக்கு இரண்டு பெயர் உண்டென்று உங்களுக்குத் தெரியும். வெறும் சுவருக்குக் கொடுப்பது குளிர் வாடகை. தண்ணீர், சூடு, மாடிப்படி விளக்கு, குப்பை எல்லாம் சேர்ந்தால் சூட்டு வாடகை. வீடு எடுத்த நாளிலிருந்தே அப்பாவுக்கு இந்த இரண்டாவது பெயரில் நம்பிக்கை இல்லை.

"குளிருக்கு வாடகை வாங்கிறவன், சூட்டுக்குக் கள்ளம் செய்யாமல் விடுவானோ?" என்பார்.

அவருடைய சந்தேகம் முழுவதும் ஒரு சிறிய சாமானில் போய் நின்றது. ஒவ்வொரு ஹீற்றரின் முன்பக்கத்திலும் விரல் நீளத்தில் ஒரு தகரக்கூடு பொருத்தியிருந்தது. அதற்குள் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் நிறமாக ஒரு திரவம், பக்கத்தில் அளவுகோல் மாதிரிக் கோடுகள். ஹீற்றர் சுட்டால் திரவம் காயும். வருடத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து எத்தனை கோடு காய்ந்தது என்று பார்த்து எழுதுவார். முழுக் கட்டடத்தின் எண்ணெய்ச் செலவில் நாங்கள் எவ்வளவு கொடுக்கவேண்டும் என்பதை அந்தக் கோடுகளும் சேர்ந்து தீர்மானிக்கும். குழாயைப் புதிதாக மாற்றும்போது இனிப்பான ஒரு மணம் வரும், இருமல் மருந்துப் போத்தலைத் திறந்ததுபோல.

ஒரு வெயில் காலத்தில், ஹீற்றர் எல்லாம் பூட்டிக் கிடக்கும்போது, அந்தத் திரவம் கொஞ்சம் இறங்கியிருப்பதை அப்பா கண்டுபிடித்தார்.

"இஞ்சேர், வந்து பார். யூலை மாசத்திலை ஆர் ஹீற்றர் போட்டது? இது தானாக் குடிக்குது."

"வீட்டுக்காரன் வந்து போறானோ தெரியாது, நாங்கள் வேலைக்குப் போற நேரத்திலை," என்றார் அம்மா.

அந்தத் திரவம் வெயிலுக்கும் சிறிது காயும், அதற்காகவே புதுக்குழாயில் கொஞ்சம் கூடுதலாக ஊற்றி விடுகிறார்கள் என்று எனக்கு இப்போது தெரியும். அன்று எங்களுக்குச் சொல்ல ஆள் இல்லை. கேட்க எங்களுக்கு வாயும் இல்லை. அந்த நாளிலிருந்து கதவுக்கு இரண்டு பூட்டு. ஹீற்றருக்குச் சட்டம். பள்ளிக்கூடத்தால் வந்தால் இரண்டு சுவெற்றர் போடவேண்டும். தொலைக்காட்சி இருக்கும் அறையில் மட்டும், அதுவும் செய்தி பார்க்கும் நேரம் மட்டும், ஹீற்றர். அப்பா ஒரு உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். வீட்டுக்குள் வந்ததும் ஒவ்வொரு ஹீற்றரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சப்பாத்தைக் கழற்றுவார்.

அந்தக் கோடை முடியும்போதுதான் சின்ன அறைக்கு அன்ரி வந்தார்.

மன்னார்ப் பக்கம். கத்தோலிக்கர். அகதி முகாமை விட்டு வெளியே தங்க அனுமதி கிடைத்ததும் தெரிந்தவர் மூலம் எங்களிடம் வந்தார். அவருடைய கணவர் வரும் வழியில் எங்கோ ஒரு நாட்டில் மாட்டிக்கொண்டிருந்தார். எந்த நாடு என்று அன்ரிக்கே சரியாகத் தெரியாது. வாடகையில் ஒரு பங்கைத் தருவதாகப் பேச்சு. கறுத்த மெலிந்த உருவம், பெரிய சிரிப்பு. பின்னேரங்களில் ஒரு அலுவலகத்தில் நிலம் துடைக்கப் போவார். வந்து, செபமாலையை யன்னல் கொளுவியில் தொங்கவிட்டு, என் தலையை இழுத்துப் பின்னிவிடுவார். அவர் பின்னினால் அடுத்த நாள் மாலைவரை ஒரு மயிர் கலையாது. எந்நேரமும் அவருடைய விரல்கள் குளிர்ந்திருக்கும். கழுத்தில் படும்போது நான் கத்துவேன்.

"கத்தாதையடி. மீன் விரல் எண்டு நினை," என்பார்.

அவர் வந்த பிறகு அம்மாவின் தோசைக்கு ஒரு காலம் வந்தது. அதற்கு முன்பு எங்கள் வீட்டில் தோசை மா பொங்கியதே இல்லை. குளிரில் அப்படியே சவமாகக் கிடக்கும். அன்ரி வந்ததும் உளுந்து கழுவ, அரைக்க, கோதுமை மா அவித்து அரிக்க இன்னும் இரண்டு கை கிடைத்தது. அம்மாவுக்குத் தைரியம் வந்துவிட்டது. முகாமில் இருந்த தனிப் பொடியங்களுக்குச் சனிக்கிழமை தோசை கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார். அலுமினியப் பானை ஒன்று வாங்கினார். குழந்தையைக் குளிப்பாட்டலாம், அவ்வளவு பெரிது.

அந்தப் பானையைச் சின்ன அறையில் வைப்பது அம்மாவின் யோசனை. அவருடைய சிக்கனத்தில் அதைவிடச் சிறந்த ஒன்று வந்ததில்லை என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"ஒரு சூட்டிலை ரெண்டு வேலை. தங்கச்சியும் குளிரிலை கிடக்கத் தேவையில்லை, மாவும் புளிச்சிடும்."

ஹீற்றரோடு ஒட்டி ஒரு முக்காலி. முக்காலியின் மேல் பானை. தேவாலயத்தில் இனாமாகக் கிடைத்த மான் படம் போட்ட மண்ணிறக் கம்பளி ஒன்று எங்களிடம் இருந்தது. பானையையும் ஹீற்றரையும் சேர்த்து அந்தக் கம்பளியால் அம்மா மூடிவிடுவார். கூடாரம் மாதிரி இருக்கும். ஓரங்களைத் தலையணையால் அடைப்பார். சூடு வெளியே போகக்கூடாதல்லவா? ஹீற்றரின் பழைய இரும்புத் திருகை அவரே சிறிதளவு திறந்து வைத்து, "தங்கச்சி, இதிலை கை வைச்சிடாதை" என்று சொல்லிவிட்டு வருவார். அன்ரி வைக்கமாட்டார். அடுத்த நாள் காலையில் கம்பளியைத் தூக்கினால் பானையின் மூடியை மா தள்ளிக்கொண்டு நிற்கும். அந்தப் புளித்த, இளம் சூடான மணம் வீடு முழுக்க ஓடும். மான் கம்பளியின் ஒரு மூலை நிரந்தரமாக மாப் பிடித்து விறைத்திருந்தது.

வாரத்தில் ஒருநாள் என்று தொடங்கியது, கேட்டவர்கள் கூடக் கூட, கிட்டத்தட்ட எந்நாளுமாகிவிட்டது. கம்பளியை எடுத்து மடிப்பதே குறைந்துபோனது.

தை மாதத்தில் மாடிப்படி வாசலில் ஒரு தாள் ஒட்டினார்கள். குழாய் பார்க்க வரும் டெர்மின், அதாவது வரும் நாளும் நேரமும். அன்றைக்கு என்னைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. உங்களுக்கும் இது நடந்திருக்கும். வீட்டுக்கு ஜெர்மன்காரர் வந்தால் பிள்ளைக்குக் காய்ச்சல் வரும். பிள்ளைதானே கதைக்கவேண்டும்.

இன்னொன்றும் உங்கள் வீட்டில் நடந்திருக்கும். அம்மா காலையில் எழும்பியதும் முதல் வேலையாகச் சமையல் மணத்தை ஒழித்தார். "வெள்ளைக்காரன் வாறான், மூக்கைச் சுளிப்பான்" என்று எல்லா யன்னலும் திறந்தார். மாப் பானையை இரண்டு பேருமாகத் தூக்கிக் குளியல் தொட்டிக்குள் வைத்துத் திரையை இழுத்துவிட்டார்கள். மான் கம்பளி அலுமாரிக்குள் போனது. முக்காலியில் அம்மா ஒரு பிளாஸ்ரிக் பூச்சாடியை வைத்தார். வந்த மனிதர் கண்டது குளிர்ந்த, துப்பரவான, எலுமிச்சை வாசனை தெளித்த ஒரு ஜெர்மன் வீட்டை.

அவர் நல்ல மனிதர். எங்கள் வாசலில் சப்பாத்தைத் துடைத்துவிட்டு வந்தார். ஒவ்வொரு ஹீற்றருக்கு முன்னாலும் முழங்காலில் இருந்து, சின்ன ரோச்சை அடித்து, கோட்டை வாசித்தார். அப்பாவும் அம்மாவும் அவருக்குப் பின்னால், கள்ளனைக் காவல் காப்பது மாதிரி நடந்தார்கள். மற்ற அறைகளில் குழாய் பெரிதாக அசைந்திருக்கவில்லை. சின்ன அறையில் அவர் ரோச்சை இரண்டாம் தரம் அடித்துப் பார்த்தார்.

"இந்த அறையில் இருப்பவருக்கு நல்ல சூடு வேண்டும் போலிருக்கிறது," என்று ஜெர்மனில் சொல்லிச் சிரித்தார்.

"என்னவாமடி?" என்றார் அம்மா.

சொன்னதைச் சொன்னபடி சொன்னேன். குசினி வாசலில் குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்ற அன்ரி நெஞ்சில் கை வைத்தார்.

"மாதாவே! நானோ?"

 அந்த மனிதர் புதுக் குழாயைப் பொருத்தினார். இருமல் மருந்து மணம் வந்தது. அந்தப் பானையை மட்டும் அவர் கண்டிருந்தால், அங்கேயே முழங்காலில் இருந்தபடி இரண்டு வசனத்தில் சொல்லியிருப்பார். நான் மொழிபெயர்த்திருப்பேன். எல்லாம் அதோடு முடிந்திருக்கும்.

அவர் போனதும் அப்பா கதவின் இரண்டு பூட்டையும் பூட்டினார்.

"போன வருசம் அந்த அறை வெறும் அறை. ஒரு கோடும் இறங்கேல்லை. இந்த வருசம் இவ வந்தவ. இறங்கியிருக்கு. இதுக்கு மேலை என்ன கணக்கு வேணும்?"

கணக்கு பிழை என்று எவராலும் சொல்ல ஏலாது. எனக்கு மட்டும் ஒன்று தோன்றியது.

"அம்மா, மாப் பானையும் அங்கைதானே இருக்கு?"

"மா சூட்டைக் குடிக்குமோடி? அதைத்தான் சூடு வெளியிலை போகாமல் இறுக்கி மூடி வைக்கிறனே. மூடி வைக்கிற சூடு மிச்சம் பிடிக்கும், செலவழியாது."

அது எனக்கும் சரியென்றே பட்டது. மூடி வைத்தால் மிச்சம். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதான் விதி.

அதன் பிறகு அன்ரியின் ஒவ்வொரு அசைவுக்கும் வீட்டில் இரண்டாவது அர்த்தம் வந்தது. அவர் குளிர்கோட்டோடு படுப்பதை அம்மா கண்டிருந்தார். முன்பு "பாவம், மன்னார் வெயிலிலை வளந்தது" என்றவர் இப்போது அப்பாவிடம், "ஹீற்றரையும் போட்டுக்கொண்டு கோட்டையும் போடுறா. எங்களுக்குக் காட்டத்தான்" என்றார். மா மணத்தைப் போக்க அன்ரி காலையில் யன்னலைத் திறப்பார். "அறை வெந்துபோச்சு, அதுதான் யன்னல் திறக்கிறா" என்றார் அப்பா.

ஒருநாள் அப்பா என் பள்ளிக்கூடப் பையிலிருந்து ஒரு சோக்குத் துண்டை எடுத்துக்கொண்டு சின்ன அறைக்குள் போனார். அன்ரி வேலைக்குப் போயிருந்த நேரம். அம்மா மாவுக்கு எப்போதும் திறந்துவிடும் அளவில் வைத்து, திருகிலும் அது பொருந்தியிருந்த இரும்புக் குழாயிலும் சேருமாறு ஒரு மெல்லிய கோடு போட்டார். அன்ரி ஹீற்றரை அதற்கு மேல் திறந்தால் கோடு விலகும். மறுநாள் அன்ரி குளிக்கப் போன நேரம் உள்ளே போய்ப் பார்த்தார். கோடு விலகவில்லை. அதற்கு மறுநாளும் விலகவில்லை.

"பாத்தியளே, அவ தொடேல்லை," என்றார் அம்மா. அவர் குரலில் ஒரு ஆறுதல் இருந்தது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அப்பா தாடையைத் தடவினார். "இல்லையப்பா. கோட்டைக் கண்டிட்டா. கண்டு, திறந்து, விடிய முதல் அதே கோட்டுக்குத் திருப்பி விட்டிருக்கிறா. பழகின வேலை."

அம்மாவின் முகத்திலிருந்த ஆறுதல் போனதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

இதெல்லாம் நடக்கும்போதும் உளுந்து ஊறிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு பெண்களும் குசினியில் எதிரெதிரே இருந்து அரைத்தார்கள். முன்பு அன்ரி மாதா பாட்டைப் பாடுவார், அம்மா அந்த மெட்டிலேயே பிள்ளையாரைப் போட்டுப் பாடுவார், இருவரும் சிரிப்பார்கள். இப்போது இயந்திரம் மட்டும் சத்தம் போட்டது. அரைத்து முடிந்ததும் அம்மா பானையைச் சின்ன அறைக்குக் கொண்டுபோய், கம்பளியால் இறுக்கி மூடி, திருகைத் திறந்துவிட்டு, அன்ரியைப் பார்க்காமல் வெளியே வருவார்.

வீட்டுக்காரனின் கணக்கு மாசி மாதத்தில் வந்தது. வாசித்துச் சொன்னது நான். அப்பா அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடை மாமாவிடம் எல்லோரும் இப்படியான விடயங்களுக்கு நியாயம் கேட்பார்கள். அவர் ஒரு முறை தாளைப் பார்த்தார், வாசிக்கவில்லை.

"அண்ணை, உது தெளிவான விசயம். பகல் முழுக்க வீட்டிலை இருக்கிற பொம்பிளை. வேறை ஆர்? இண்டைக்கு ஹீற்றர், நாளைக்கு ரெலிபோன். நீங்கள் சொல்ல வெக்கப்பட்டால் நான் சொல்லுறன்."

அவர் சொன்னது எங்களுக்கு மட்டும் இல்லை. அந்த வாரம் கடைக்கு அரிசி வாங்க வந்த எல்லோருக்கும் சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயிலுக்குப் போய்வந்த கோலத்திலேயே அன்ரி குசினியில் வந்து நின்றார். முக்காடு தோளில் இருந்தது.

"அக்கா, கடையடியிலை ஒருத்தி என்னைக் கேக்கிறா, 'ஹீற்றர் அன்ரி நீங்களோ' எண்டு. நான் என்ன செய்தனான் எண்டு நீங்களே சொல்லுங்கோ."

அம்மா வெங்காயத்தை வெட்டிக்கொண்டே இருந்தார். "நான் ஒண்டும் சொல்லேல்லை, தங்கச்சி. குழாய்தான் சொல்லுது."

"குழாய் சொல்லும். நான் சொல்லுறதைக் கேக்கமாட்டியளோ?"

"அப்ப குழாய் பொய் சொல்லுதோ?"

அன்ரி தோளில் இருந்த முக்காட்டை இழுத்து மடித்தார். பிறகு சொன்னது எனக்கு ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"அக்கா, அந்த அறையிலை சூடு எண்டு ஒண்டை நான் இண்டுவரைக்கும் காணேல்லை."

அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து, "அப்ப போன வருசச் சூடு ஆகாயத்தாலை வந்ததாக்கும்" என்றார். 

உயிர்த்த ஞாயிறுக்கு முன்பே அன்ரி போய்விட்டார். வுப்பர்டாலில் அவருக்கு அறை கொடுக்க எந்தத் தமிழ் வீடும் முன்வரவில்லை. காரணம் உங்களுக்கே தெரியும். போகும் காலையில் என் தலையைப் பின்னிவிட்டார். விரல் கழுத்தில் பட்டது. அன்றைக்கு நான் கத்தவில்லை. செபமாலையைக் கொளுவியிலிருந்து எடுத்துச் சுருட்டிக் கோட்டுப் பைக்குள் போட்டார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு இறங்கினார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் பெட்டி சுவரில் இடித்த சத்தம் கேட்டது. அம்மா குசினியை விட்டு வரவில்லை.

துணைக்குக் கையில்லாமல் அம்மாவின் தோசை வியாபாரம் நின்றது. பெரிய பானை நிலக்கீழ் அறைக்குப் போனது. சின்ன அறையை எனக்குத் தந்தார்கள். அடுத்த தையில் அதே மனிதர் ரோச்சோடு வந்து முழங்காலில் இருந்தார். சின்ன அறைக் குழாய் பெரிதாக அசையவில்லை.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்று அப்பா வீட்டைச் சுற்றிப் பார்த்துக் கேட்டார், அன்ரி இன்னும் அங்கே நிற்பதுபோல.

அத்தோடு அது தீர்ப்பாகிவிட்டது. பிறந்தநாள் விழாக்களில், சாமத்திய வீடுகளில், யாராவது வீட்டில் ஆள் வைக்கப்போகிறேன் என்றால் அம்மா இந்தக் கதையைச் சொல்வார். நான் அந்த அறையிலேயே இருந்து படித்தேன். எனக்குத்தான் தெரியும், அந்தப் பழைய திருகைச் சிறிது திறந்துவிட்டாலே கம்பளி இல்லாத அறை எவ்வளவு இதமாக இருக்கும் என்று. அது ஒரு தடயம் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

கடந்த மார்கழியில், அலுவலகத்தில் எனக்குப் பழக்கும் பெண்மணியோடு ஒரு வீட்டுக்குப் போனேன். குடியிருந்த கிழவருக்கு ஒரு அறைக்கு மட்டும் கணக்கு ஏறியிருந்தது. வீட்டுக்காரன் கள்ளன் என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். அவரைப் பார்க்க என் அப்பா ஞாபகம் வந்தது. பெண்மணி நிலம்வரை தொங்கிய தடித்த யன்னல்சீலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். பின்னால் ஹீற்றர். என் கையைப் பிடித்து அந்த இடுக்குக்குள் வைத்தார். அடுப்படி மாதிரிச் சூடு.

"சூடு இங்கேயே அடைபட்டு நிற்கிறது," என்றார். "குழாய்க்கு அறை தெரியாது. தன்னைச் சுற்றியிருக்கும் சூடுதான் தெரியும். அறை குளிர்ந்து கிடக்கும், குழாய் காய்ந்துகொண்டிருக்கும்."

கிழவர் சமாதானமாகி எங்களுக்குக் கோப்பி போட்டுத் தந்தார். நான் குடிக்கவில்லை. மான் படம் போட்ட மண்ணிறக் கம்பளி ஒன்று என் கண்ணுக்கு முன்னால் தொங்கிக்கொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா என்னை ஏறஇறங்கப் பார்த்தார்.

"வேலைக்கு எடுத்து, வீட்டுக்காரன்ரை பக்கம் கதைக்கப் பழக்கிப்போட்டாங்கள் என்ன?"

"இதிலை வீட்டுக்காரனுக்கு என்னம்மா லாபம்?"

"அது தெரிஞ்சால் நாங்கள் ஏன் கோப்பை கழுவுறம்?" என்றார் அப்பா.

"உனக்கு அவ ஏதும் எழுதினவவோ?" என்று அம்மா மறுபடி கேட்டார். "இவ்வளவு காலத்துக்குப் பிறகு திடீரெண்டு ஏன் அவவுக்காகக் கதைக்கிறாய்?"

பேச்சால் இது முடியாது என்று விளங்கியது. அடுத்த சனிக்கிழமை மதியம் நிலக்கீழ் அறையிலிருந்து பானையைத் தூக்கி வந்தேன். கம்பளி அதற்குள்ளேயே மடித்துக் கிடந்தது. மா பிடித்த மூலை இன்னும் விறைப்பாக இருந்தது. என் அறையில், அதே ஹீற்றரோடு முக்காலியை ஒட்டி வைத்து, பானையில் தண்ணீர் நிரப்பி, திருகைச் சிறிது திறந்து, அம்மாவைக் கூப்பிட்டேன்.

"நீங்கள் மூடுங்கோ. நீங்கள் மூடுற மாதிரி மூடுங்கோ."

அவர் சந்தேகத்தோடுதான் மூடினார். ஆனால் கைகளுக்குப் பழக்கம் இருந்தது. ஓரத்தை இழுத்து, தலையணையால் அடைத்து, ஒரு தட்டுத் தட்டினார். நாங்கள் தேநீர் குடித்து, அப்பாவின் ஒரு செய்தி முடியும்வரை பார்த்திருந்து, திரும்பி வந்தோம். அறைக்குள் நுழைந்ததும் அம்மா சேலைத் தலைப்பால் தோளைப் போர்த்தினார். அவர் அப்படிப் போர்த்தியதை அவரே கவனிக்கவில்லை.

"குளிருதோ அம்மா?"

"மார்கழியிலை குளிராமல்?"

"இப்ப கம்பளிக்குள்ளை கையை வையுங்கோ. குழாய் இருக்கிற இடத்திலை."

வைத்தார். உடனே எடுக்கவில்லை. அவர் கை உள்ளேயும், உடம்பு வெளியேயும் நின்றன. பிறகு மெல்லக் கையை எடுத்து, உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு என் கட்டிலில் இருந்தார். அன்ரியின் கட்டிலும் அந்த இடத்தில்தான் கிடந்தது.

வெளியே தொங்கு ரயில் ஒன்று போனது.

"அவள் கோட்டோடை படுத்தவள்," என்றார் அம்மா.

 அப்பா வாசலில் நின்று எட்டிப் பார்த்து, "அப்ப சோக்குக் கோடு..." என்று தொடங்கினார். அம்மா அவரைப் பார்த்த பார்வையில் மிச்சத்தை விழுங்கிக்கொண்டு போய்விட்டார்.

மறுவாரம் நான் கடைக்குப் போனேன். ஆட்கள் நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்துத்தான் போனேன். கெட்ட பெயர் ஆட்கள் முன்னால் வந்தது, தனியாகச் சொன்னால் போகாது. கம்பளியையும் பானையையும் குழாயையும் பற்றி, விளங்கும்படி, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். ஒரு பெண் மட்டும் "ஐயோ பாவம்" என்றார். கடை மாமா தராசைத் துடைத்தார்.

"உந்தப் பழங்கதையை இப்ப ஏன் பிள்ளை கிளறுறாய்? உனக்குப் பின்னாலை ஆர் நிக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை மாமா. ஹீற்றர் கணக்கு வாசிக்கவோ படிக்கிறாய் எண்டு நீங்கள் கேட்டனீங்கள். வாசிச்சிட்டன். வந்து சொல்லுறன்."

"ஐயோ பாவம்" என்ற அந்தப் பெண் வாசலில் என்னைப் பிடித்தார். அவரும் மன்னார்தான். அன்ரி பான் நகரில் இருப்பதாகச் சொன்னார். கணவர் ஒருவழியாக வந்து சேர்ந்தாராம். ஒரு பெண் குழந்தையாம். எந்தத் தெரு என்றும் சொன்னார். சொல்லிவிட்டு, "போறதெண்டால் தனியப் போகாதை. கொம்மாவையும் கூட்டிக்கொண்டு போ" என்றார்.

அம்மா உளுந்து ஊறப்போட்டார். வருடக்கணக்கில் செய்யாத வேலை. இப்போது மா புளிக்க வைப்பது எலெக்ரிக் அவணுக்குள். விளக்கை மட்டும் எரியவிட்டால் போதும். ஞாயிறு காலை தோசையைச் சுட்டு, சம்பலோடு ஒரு பெட்டியில் வைத்து, பெட்டியைத் துவாயால் சுற்றினார். ரயிலில் முழு வழியும் அதை மடியை விட்டு இறக்கவில்லை. சூடு போய்விடும் என்று நினைத்தாரோ தெரியாது.  ஒரே ஒருமுறை, "அவ கதவைத் திறப்பாவோ?" என்று கேட்டார். எனக்கும் தெரியாது. அதை நான் மறைக்கவில்லை.

அந்தக் கட்டடத்தின் வாசலில் பெயர்ப் பலகையில் அவர்களுடைய பெயர் இருந்தது. தமிழ்ப் பெயரை ஜெர்மன் எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்கள். அம்மா பெட்டியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு ஒரு படி கீழே நின்றார்.

"பிள்ளை, அவை கோயிலுக்குப் போயிருப்பினம். சொல்லாமல் வந்து நிண்டால் என்ன நினைப்பினம்? இன்னொரு நாளைக்கு வருவமே?"

"அம்மா," என்றேன், "நான் மணியை அமத்திப்போட்டன்."